ஊரெல்லாம் பழகும் பிள்ளை தனித்து நிற்பானா? டர்பன் பெற்றோர் சோதித்துப் பார்க்கும் வழிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் குடும்பங்களில் இப்படி ஒரு பிள்ளை எப்படியும் இருப்பான். 16 வயதுதான் ஆகியிருக்கும். அதற்குள் கோயில் கமிட்டித் தலைவர், வார்டு கவுன்சிலர், கார் விற்பனை நிலைய முதலாளி எல்லோரும் அவனுடைய வாட்ஸ்அப்பில் இருப்பார்கள். எந்த அங்கிளுக்கு முட்டி வலி, எந்த ஆன்ட்டியின் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள் என்பதையெல்லாம் நினைவில் வைத்துக் கல்யாண வீட்டில் விசாரிப்பான். "அவனுக்கென்ன, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான்" என்று ஊரே சொல்லும். மெட்ரிக் (12ஆம் வகுப்பு) முடித்து அவன் வெளியே போகும் முன், அந்தச் சொல் எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பெற்றோர் பொறுமையாகப் பார்த்துவிடுவது நல்லது. மகளானாலும் முறை இதுவே.

முதலில், அந்தத் தொடர்புகளில் எவை அவனே சம்பாதித்தவை என்று பிரித்துப் பாருங்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் பழைய வீடுகளிலிருந்து பெயர்க்கப்பட்டு, 1960களில் டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் குடியேறிய குடும்பங்கள் தலைமுறைகளாக ஒன்றையொன்று அறிந்தவை. அவனைப் பார்த்துச் சிரிப்பவர்களில் பலர் உண்மையில் அவனுடைய தாத்தாவுக்காகச் சிரிக்கிறார்கள். ஒரு மாலை அவனோடு உட்கார்ந்து, சில பெயர்களைச் சுட்டி, "இவருக்கு நீ என்ன செய்து கொடுத்திருக்கிறாய்?" என்று கேளுங்கள். "நன்றாகத் தெரியும்" என்பது பதிலாகாது. ஒருவருடைய கடைக்கணக்கைக் கணினியில் ஏற்றி, சொன்ன தேதியில் கொடுத்திருந்தான் என்றால் அந்த ஒரு பெயரே போதும்.

அடுத்து, முகதாட்சண்யம் செல்லாத வேலைகளை அவனிடம் ஒப்படையுங்கள். 16 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். உள்துறை அலுவலகத்துக்கு நீங்கள் உடன் போக நேர்ந்தாலும், வரிசையில் நிற்பதையும் பேசுவதையும் அவனிடமே விட்டுவிடுங்கள். குவாசுலு-நடால் பல்கலைக்கழகம், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டிலும் முதலாண்டுச் சேர்க்கைக்கு மைய விண்ணப்ப அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்; குடும்ப ஆண்டு வருமானம் 350,000 ராண்டுக்கு மேற்படாதவர்கள் என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசு மாணவர் உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். படிவம், சான்று நகல், கடைசித் தேதி எல்லாம் அவன் பொறுப்பு. ஒரு தாள் குறைகிறது என்று திருப்பியனுப்பினால் என்ன செய்கிறான் என்பதுதான் பார்க்க வேண்டியது: அந்தத் தாளைத் தேடுகிறானா, அல்லது யாரைப் பிடிக்கலாம் என்று போனை எடுக்கிறானா? போனை எடுத்தால் திட்ட வேண்டாம். நீங்களும் யாரையும் அழைக்காமல் இருங்கள், அது போதும். நம்மில் பலருக்கு அதுதான் பிள்ளையின் சோதனையை விடக் கடினமானது.

காவடி நாளில் காலை முழுவதும் அவன் வாசலில் நின்று விருந்தினரை வரவேற்பான். அதைப் பார்த்து மகிழ்வதில் தவறில்லை. ஆனால் அன்னதானம் முடிந்த பிறகு சமையற்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். அடிப்பிடித்த சாம்பார் அண்டாவைச் சாம்பலும் தேங்காய் நாருமாக இரண்டு பேர் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் அவன் இருக்கிறானா? கூடம் பெருக்கும் சுலு அம்மாவின் பெயர் அவனுக்குத் தெரியுமா? தனக்கு எந்த உதவியும் செய்ய இயலாத ஒருவரிடம் காட்டும் மரியாதையை நான் எந்த நற்சான்றிதழையும் விட மேலாக எடைபோடுவேன்.

விடுமுறையில் உறவினர் அல்லாத ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதும் அவசியம். 15 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடுக்கிறது, அதற்கு மேல் வாய்ப்புகள் உண்டு. சம்பளச் சீட்டில் வேலையின்மைக் காப்பு நிதிக்காக 1 விழுக்காடு பிடித்திருந்தால் அது எதற்கு என்று அவனையே விளக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது 18ஆம் பிறந்தநாள். சட்டப்படி வயதுவந்தவராகக் கருதப்படும் வரம்பு, முன்பு 21ஆக இருந்தது, 2007 ஜூலை 1 முதல் 18ஆகக் குறைந்தது. அன்று முதல் உங்கள் துணையின்றியே அவன் ஒப்பந்தங்களில் கையெழுத்திடலாம். நண்பனின் செல்போன் ஒப்பந்தத்துக்குப் பெயர் தரவோ, யாரோ ஒருவருடைய கடனுக்கு ஜாமீன் நிற்கவோ, கம்பெனியில் பெயரளவுக்கு இயக்குநராக இருக்கவோ முதலில் கேட்கப்படுபவன், எல்லோருக்கும் பிடித்த இந்தப் பிள்ளைதான். எல்லோருக்கும் பிடித்தவனாக இருப்பதே அவனுடைய மூலதனம் என்பதால், "முடியாது" என்ற சொல் மற்றவர்களைப் போல அவனுக்கு எளிதில் வாயில் வருவதில்லை. ஆகவே வீட்டிலேயே பழக்குங்கள்: நீங்கள் கடன் கேட்கும் மாமாவாக நடித்து, மூன்று முறை வற்புறுத்தி, அவன் கோபமோ பொய்க்காரணமோ இல்லாமல் மறுக்கும்வரை விடாதீர்கள். தேசியக் கடன் சட்டப்படி ஆண்டுக்கொரு முறை கடன் தகவல் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். 18 முடிந்ததும் அதை அவனே கேட்டு வாங்கி, தன் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று வரி வரியாகப் படிக்கட்டும்.