மடக்கு நங்கூரத்தைத் தானே விடுபடும் நங்கூரமாக மாற்றுவது எப்படி?

சிறு படகில் வைத்துக்கொள்ளும் நங்கூரம் குறைந்த இடத்தில் அடங்க வேண்டும். போட்ட இடத்தில் பிடிக்க வேண்டும். கிளம்பும்போது சிக்காமல் மேலே வர வேண்டும். மடக்கு நங்கூரம் வாங்கினால் இடப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. பாறை இடுக்கில் சிக்கிய நங்கூரத்தை விடுவிப்பதோ அதைப் படகோடு எப்படி இணைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நான்கு கரங்கள் கொண்ட சாதாரண மடக்கு நங்கூரம் ஒன்றை, சங்கிலியையும் மெல்லிய கட்டு ஒன்றையும் மட்டும் கொண்டு தானே விடுபடும் நங்கூரமாக மாற்றும் முறையை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

எந்த வடிவம் எதற்கு உதவும்?

நான்கு கர மடக்கு நங்கூரத்தில் நடுவே ஒரு தண்டும், அதன் அடியில் கீல் வைத்த நான்கு கரங்களும் இருக்கும். தண்டின் மீது மேலும் கீழும் நகரும் வளையத்தைக் கீழே இறக்கினால் விரிந்த கரங்கள் மடங்காமல் பூட்டிக்கொள்ளும்; கரங்களைத் தண்டோடு சேர்த்து மடித்து, அதே வளையத்தை மேலே ஏற்றினால் கூர்முனைகள் வளையத்துக்குள் அடங்கிவிடும். 0.7 கிலோ முதல் சில கிலோ வரை கிடைக்கும் இந்த வகை, பாறையிலும் அடர்ந்த நீர்ப்பாசியிலும் நன்றாகக் கொக்கி போடும். மணலிலும் சேற்றிலும் பிடிப்பு குறைவு, ஏனெனில் கரங்களின் பரப்பு மிகச் சிறியது.

மணலுக்கும் சேற்றுக்கும் ஏற்றது டான்ஃபோர்த் வகை. அதன் இரண்டு அகன்ற தகடுகளும் தண்டோடு ஒட்டித் தட்டையாகப் படுத்துவிடும் என்பதால், அதையும் மடக்கு நங்கூரம் என்றே கொள்ளலாம். எடை குறைவாக இருந்தும் வலுவாகப் பிடித்ததால்தான் இரண்டாம் உலகப் போரில் தரையிறங்கு படகுகளில் இது பயன்பட்டது. ஆனால் பாறைத் தளத்தில் இதைப் போடுவது வீண்.

தானே விடுபடும் வடிவங்களில் எளிமையானது வளையும் கம்பி நங்கூரம். அதன் கரங்கள் மென்மையான உலோகக் கம்பிகளால் ஆனவை. பலமாக இழுத்தால் அவை நிமிர்ந்து இடுக்கிலிருந்து நழுவிவிடும், படகில் ஏற்றியபின் கையால் மீண்டும் வளைத்துக்கொள்ளலாம். இன்னொரு வடிவத்தில் தண்டு முழுவதும் நீளமான துளை இருக்கும், கயிறு கட்டிய வளையம் அதற்குள் ஓடும். படகைச் சிக்கிய இடத்துக்கு அப்பால் செலுத்தினால் வளையம் நங்கூரத்தின் அடிப்பக்கம் நகர்ந்து, கரங்களைப் பின்னோக்கி இழுத்து வெளியே எடுக்கும். நீரோட்டம் திசை மாறிப் படகு சுற்றிக்கொண்டாலும் இதே செயல் நடந்துவிடும். அதனால் படகில் ஆள் இருந்து கவனிக்க முடியாத நேரத்தில் இந்த வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விடுபடும் விதம்

நங்கூரம் பிடித்திருக்கும்போது தண்டு தரையோடு ஏறக்குறைய படுத்திருக்கும், கயிறும் தாழ்ந்த கோணத்தில் இழுக்கும். படகை நேர் மேலே கொண்டுவந்து இழுத்தால் விசை தண்டுக்குக் குறுக்காக விழும். நாம் செய்யப்போகும் அமைப்பு இந்தத் திசை மாற்றத்தை நம்பியே இயங்குகிறது. சங்கிலியை நங்கூரத்தின் அடியில் உறுதியாக மாட்டி, தண்டை ஒட்டி மேலே கொண்டுவந்து, தலைப்பக்கத்துக் கண்ணில் (கயிறு மாட்டும் துளையில்) மெல்லிய கட்டால் சேர்த்துக் கட்டுகிறோம். தாழ்ந்த கோணத்தில் இழுக்கும் வரை பெரும்பாலான விசை சங்கிலி வழியாக அடிப்பக்கம் சென்றுவிடும். மேல்கட்டு சங்கிலி தண்டைவிட்டு விலகாமல் பிடித்திருந்தால் போதும். செங்குத்தாக இழுக்கும்போது குறுக்கு விசை முழுவதும் மேல்கட்டின் மீது விழுந்து அதை அறுக்கும். அதன்பின் இழுப்பு அடியிலிருந்து வருவதால், நங்கூரம் நுழைந்த வழியிலேயே பின்னோக்கி வெளியே வரும்.

தேவையானவை

அடியில் கண் உள்ள மடக்கு நங்கூரம், 6 மி.மீ. தடிப்புள்ள இரண்டு மீட்டர் துத்தநாகம் பூசிய சங்கிலி, அதற்குப் பொருந்தும் இரண்டு ஷேக்கிள்கள் (ஆணியால் பூட்டும் U வடிவ இணைப்பு வளையங்கள்), நைலான் கயிறு, ஷேக்கிள் ஆணியைக் கட்ட மெல்லிய துருப்பிடிக்காத கம்பி, மேல்கட்டுக்குக் கேபிள் டை அல்லது பருத்தி நூல், ஒரு கொக்கித் தராசு. பாலிபுரொப்பிலீன் கயிறு நீரில் மிதக்கும், நைலான் அளவுக்கு நீளாது; ஆகவே நங்கூரத்துக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

படி 1: அடியில் மாட்டுதல்

சங்கிலியின் ஒரு நுனியை ஷேக்கிள் மூலம் நங்கூரத்தின் அடிக்கண்ணில் மாட்டுங்கள். ஆணியை இறுக்கியபின், அதன் துளை வழியாகக் கம்பியைக் கோத்து, ஷேக்கிளின் உடலோடு சுற்றி முறுக்கிவிடுங்கள். அலையின் ஆட்டத்தில் ஆணி மெல்ல மெல்லக் கழன்று விழுவது வழக்கமாக நடப்பது. அந்தச் சில அங்குலக் கம்பி இல்லாமல் நங்கூரத்தைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

படி 2: தண்டை ஒட்டிப் படுக்கவைத்தல்

சங்கிலியைத் தண்டின் பக்கவாட்டில் தொய்வில்லாமல் இழுத்து, மேல்கண்ணுக்கு நேராக எந்தச் சங்கிலிக் கண்ணி வருகிறது என்று பாருங்கள். இந்த வேலையில் அதிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான். சங்கிலி தொய்வாக இருந்தால் சாதாரண இழுப்பும் முழுமையாக மேல்கட்டின் மீதே விழும். காற்று சற்று வலுத்தாலே கட்டு அறுந்து, படகு நகரத் தொடங்கிவிடும். கண்ணி சரியாக மேல்கண்ணுக்கு நேரே வரவில்லை என்றால், அடியில் சற்று நீளமான அல்லது குட்டையான ஷேக்கிளை மாட்டிச் சரிசெய்யுங்கள். நகரும் வளையம் சங்கிலியில் சிக்காமல் முழுத் தூரமும் ஓடுகிறதா, கரங்கள் முழுதாக மடிந்து விரிகின்றனவா என்று சில முறை செய்து பாருங்கள்.

படி 3: மேல்கட்டைத் தேர்ந்தெடுத்தல்

2.5 மி.மீ. அகலமுள்ள கேபிள் டை ஏறத்தாழ 8 கிலோ வரை தாங்கும், 3.6 மி.மீ. உள்ளது 18 கிலோ, 4.8 மி.மீ. உள்ளது 22 கிலோ. கயாக் போன்ற மிகச் சிறிய படகுக்கு 2.5 மி.மீ. உள்ள ஒன்றிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு. உட்கார்ந்த நிலையில், படகு சாயாமல், உங்களால் எவ்வளவு விசையோடு இழுக்க முடியுமோ அதற்குள் கட்டு அறுந்தாக வேண்டும். சற்றுப் பெரிய படகுக்கு அடுத்த அளவைப் பயன்படுத்தலாம். வெயிலில் கிடந்த கேபிள் டை இறுகி நொறுங்கும் தன்மை பெறும் என்பதால், பழையதை நம்ப வேண்டாம்.

எனக்குப் பிடித்தது பருத்தி நூல்தான். அறுந்த துண்டு நீரில் விழுந்தாலும் மக்கிவிடும், பிளாஸ்டிக் துண்டு அங்கேயே கிடக்கும். ஆனால் நூலின் வலிமை சீராக இருக்காது. முடிச்சு விழுந்த இடத்தில் மேலும் குறையும். எனவே நூலைப் பயன்படுத்துகிறவர்கள் அடுத்த படியைத் தவறவிடக் கூடாது.

படி 4: தரையில் சோதித்தல்

நங்கூரத்தின் கரம் ஒன்றை அசையாத ஒரு கம்பத்தில் மாட்டி, சங்கிலியின் மறுமுனையில் கொக்கித் தராசை இணையுங்கள். முதலில் தண்டின் நேர்க்கோட்டில் இழுங்கள்: கட்டு அறுபடும் அளவைவிட மிக அதிகமாக இழுத்தும் அது அப்படியே நிற்க வேண்டும். நின்றால் தொய்வில்லை என்று பொருள். அடுத்து தண்டுக்குச் செங்குத்தாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாக இழுத்து, எந்த அளவில் அறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது உங்கள் கை பலத்துக்கு மிஞ்சியதாக இருந்தால் மெல்லிய கட்டுக்கு மாறுங்கள்.

படி 5: கயிற்றின் நீளம்

நீரின் ஆழத்தோடு, படகின் அணியம் (முன்முனை) நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும் உயரத்தையும் கூட்டி, அதன் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விடுங்கள். ஆழம் 4 மீட்டர், அணியத்தின் உயரம் 1 மீட்டர் என்றால் 25 முதல் 35 மீட்டர் தேவை. ஓதம் ஏறும் இடமானால் ஏறும் அளவையும் கூட்டிக் கணக்கிடுங்கள். கயிறு குட்டையானால் இழுப்பின் கோணம் உயர்ந்து, நீங்கள் கேட்காத நேரத்திலேயே மேல்கட்டு அறுந்துவிடும்.

நீரில் போடுவதும் எடுப்பதும்

கரங்களை விரித்து, வளையம் பூட்டியிருப்பதைக் கையால் தொட்டு உறுதிசெய்தபின், நங்கூரத்தை அணியத்திலிருந்து மெதுவாக இறக்குங்கள், வீசாதீர்கள். நங்கூரக் கயிற்றைப் பின்புறத்தில் கட்டினால் படகுக்குள் அலை ஏறிக் கவிழ்த்துவிடக்கூடும். உயிருள்ள பவளத்தின் மீது எந்த வகை நங்கூரத்தையும் போடாதீர்கள்.

கிளம்பும்போது, கயிற்றைச் சேர்த்துக்கொண்டே நங்கூரத்துக்கு நேர் மேலே வந்து, செங்குத்தாக இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் அணியத்தில் உள்ள கட்டையில் கயிற்றை ஒரு சுற்று போட்டுப் பிடித்தால், அலை படகைத் தூக்கும்போது அந்த விசையே மேல்கட்டை அறுத்துவிடும். அணியம் அளவுக்கு மீறித் தாழ்ந்தால் கயிற்றை உடனே விட்டுவிடுங்கள். கயிற்றை வெட்ட ஒரு கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கயாக்கில் இந்தச் சுற்றுப் போடும் முறையை முயலவே வேண்டாம்.

இரவு தங்குவதற்கும், ஆளில்லாமல் படகை விட்டுச் செல்வதற்கும் இந்த அமைப்பு பொருந்தாது. காற்று திரும்பிப் படகு மறுபக்கம் சுழன்றால் குறுக்கு விசை விழுந்து கட்டு அறுபடும். அப்படிப்பட்ட நேரங்களில் சங்கிலியை மேல்கண்ணில் ஷேக்கிளால் மாட்டிவிட்டு, அடிக்கண்ணிலிருந்து தனிக் கயிறு ஒன்றை மிதவையோடு கட்டி விடுங்கள். நீர் மிகவும் உயரும் நேரத்தின் ஆழத்தைவிடச் சற்று நீளமாக அந்தக் கயிறு இருந்தால், மிதவையைப் பிடித்து இழுத்தே நங்கூரத்தைப் பின்னோக்கி எடுத்துவிடலாம். மற்ற படகுகள் நெருக்கமாக நிற்கும் இடத்தில் மட்டும் இந்த மிதவைக் கயிறு அவற்றின் சுழலியில் சிக்கும் ஆபத்து உண்டு.

கரைக்கு வந்ததும் கீல்களையும் வளையத்தையும் நன்னீரில் அலசிக் காயவைத்து, அறுந்த கட்டுக்குப் பதிலாகப் புதியதைப் போட்ட பிறகே மடித்து வையுங்கள். உபரிக் கட்டுகள் சிலவற்றை வெயில் படாத உறையில் போட்டுக் கயிற்றுப் பையிலேயே வைத்திருந்தால், நீரின் நடுவே ஒன்று அறுந்தாலும் அடுத்த இடத்தில் நங்கூரம் போட முடியும்.