பழைய கதைய வச்சு இன்னைக்கு இனவெறியப் பத்திப் பேசுறது எப்படி? (மண்டபம், பாம்பன் பக்கம் வாசிப்புக் கூட்டம் நடத்துறவங்களுக்கு)

மொதல்ல, "இந்தக் கதை என்ன நீதி சொல்லுது"ன்னு ஆரம்பிக்காதீங்க, அந்த நிமிஷமே பசங்க போன எடுத்துருவாங்க. ஒரே ஒரு கேள்வி போதும்: யாரப் பத்தி யாரு பேசுறா, அந்த ஆளுக்குப் பேச வாய்ப்பு எப்ப வருது?

ஷேக்ஸ்பியரோட ஒதெல்லோ நாடகத்துல மொத காட்சிய மட்டும் எடுங்க. கறுப்பினத்தவன் ஒதெல்லோ ஒரு வெள்ளக்காரப் பொண்ண ரகசியமா கட்டிக்கிட்டான், நடுராத்திரி ரெண்டு பேரு தெருவுல நின்னு, அந்தப் பொண்ணோட அப்பன எழுப்பிக் கத்துறானுங்க. ஒதெல்லோ அங்க கிடையாது, அவன் பேரக்கூட ஒருத்தனும் சொல்லல, தடிச்ச உதடுக்காரன், கருப்புக் கிடா, இப்படித்தான் போகுது, ஆனா ஆளு வெனிஸ் நாட்டோட படைத்தளபதி! அவன் மேடைக்கு வர்றதுக்குள்ள நம்ம மண்டைல ஒரு படம் ஏறிருது பாருங்க. இங்க நிறுத்திட்டு, ஹோட்டல்ல கட்டடத்துல வேலை பாக்குற வடநாட்டுப் பசங்களப் பத்தி நம்ம வாட்ஸ்அப் குரூப்ல என்ன ஓடுதுன்னு கேளுங்க. கொஞ்சம் நெளிவாங்க, நெளியட்டும்.

அடுத்தது பாரதியோட "கரும்புத் தோட்டத்திலே" பாட்டு. பிஜித் தீவுல நம்ம பொண்ணுங்க அழுத குரல "கேட்டிருப்பாய் காற்றே"ன்னு காத்துக்கிட்டதான் கேக்குறாரு, அந்தப் பொண்ணுங்க ஒரு வார்த்தை பேசல. அப்புறம் புதுமைப்பித்தனோட துன்பக்கேணி கதை, இதுக்குத்தான் நேரம் நெறைய வேணும். அதுல வர்ற மருதிங்கிற பொண்ண இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல வெள்ளக்காரன் சீரழிக்கிறான்னு சொல்லி முடிச்சுறாதீங்க, அதுக்கு முன்னாடி சொந்த ஊர்லயே சாதி அவங்கள என்ன பாடு படுத்துச்சுன்னும் படிங்க. அத விட்டுட்டா நாம யோக்கியன் மாதிரி ஆயிரும், என்னைப் பொறுத்தவரை அது ஏமாத்து வேலை.

மருதி போன அந்தத் தோட்டத்துக்கும் நம்ம ஊருக்கும் தொடர்பு இருக்கு. மண்டபம் கேம்ப் ஸ்டேஷன் பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. இலங்கைத் தோட்டத்துக்குப் போற கூலி ஆளுங்கள கடல் தாண்ட விடுறதுக்கு முன்னாடி நிறுத்தி வச்சு உடம்பச் சோதிச்ச எடம் அது. 1948ல இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்கள்ல பெரும்பாலோர நாடில்லாதவங்களா ஆக்குச்சு, இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துல 5,25,000 பேர இந்தியாவுக்குன்னு பிரிச்சாங்க, அவங்கள யாரும் கேக்கவே இல்ல. இன்னைக்கு அதே கேம்ப்ல இலங்கை அகதிங்க இருக்காங்க.

ஒண்ணு முக்கியம், கேம்ப் பிள்ளைங்க கூட்டத்துக்கு வந்தா "உங்க கதையச் சொல்லு"ன்னு நோண்டாதீங்க. அதுவா பேசுனா பேசட்டும், இல்லன்னா மத்தவங்க மாதிரி மருதியப் பத்திப் பேசட்டும்.

ஒரு கூட்டத்துக்கு ஒரு துண்டு போதும். பாரதி, புதுமைப்பித்தன் ரெண்டும் நெட்ல ஓசியாவே கிடைக்குது, நாலு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துருங்க.