பரணிலிருந்து எய்த அம்பு உயரே தைத்தது ஏன்?

மிச்சிகனில் வெள்ளைவால் மான் வேட்டைக்கென 20 அடி உயரத்தில் மரப்பரண் அமைத்திருந்தேன். தரையில் குறி பிசகாத அம்பு, பரணிலிருந்து எய்தபோது மான் பொம்மையின் முதுகை ஒட்டியே தைத்தது.

சாய்வுத் தூரமே காரணம் என்று பலர் சொல்வதுண்டு. ஆனால் அடிமரத்திலிருந்து 20 கெஜத்தில் நிற்கும் மானுக்கும் என் கண்ணுக்கும் இடையிலான நேர்கோடு 21 கெஜத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். உண்மையான காரணம் என் உடல் நிலையில் இருந்தது. கீழே குறிபார்க்கக் கையை மட்டும் தாழ்த்தினால் தோளின் கோணம் மாறி, நாண் தாடையில் பதியும் இடமும் இடம்பெயர்கிறது. ஆகவே, பாதுகாப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு, முதலில் வில்லைக் கிடைமட்டமாக முழுவதும் இழுத்து, நாணைத் தாடையில் வழக்கமான இடத்தில் நிறுத்தி, அதன் பிறகே இடுப்பிலிருந்து குனியப் பழகினேன். கையும் முதுகும் தரையில் நிற்கும்போது இருக்கும் செங்கோணத்திலேயே நின்றன, அம்புகளும் நெஞ்சுப் பகுதிக்கு இறங்கின.

தூரத்தை மான் வருவதற்கு முன்பே அளந்துவிடுகிறேன். சுற்றியுள்ள மரங்களின் அடியை விடுத்து, என் கண்மட்டத்தில் உள்ள தண்டில் லேசர் தூரமானியைக் காட்டினால் கிடைமட்டத் தூரம் நேரடியாகக் கிடைக்கும்; அம்பின் வீழ்ச்சிக்கு அதுவே கணக்கு.

இன்னொன்று மிக முக்கியம். அம்பு மேலிருந்து சாய்வாக இறங்குவதால், மறுபக்கம் அது வெளியேறும் இடத்தை மனத்தில் வைத்தே நுழையும் இடத்தைச் சற்று உயர்த்தித் தேர்கிறேன். மான் பரணுக்கு நேர் கீழே நின்றால் ஒரு நுரையீரல் மட்டுமே துளைபட்டு, அது நெடுநேரம் வதைபடக்கூடும் என்பதால், விலகி நடக்கும்வரை எய்வதில்லை.