“ஓம்” சொல்ல முன்னம்: வேலையிடத்தில் கதைக்கும்போதும் கேட்கும்போதும் நாம் விடும் பிழைகள்

திருகோணமலையில், நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஆவணி மாதம், சீசன் நேரம், ஒரு செவ்வாய்க்கிழமை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் கோல் எடுத்தார். “தம்பி, அடுத்த வெள்ளி ரெண்டு அறை வேணும். நாங்கள் ஆறு பேர், ரெண்டு சின்னப் பிள்ளையள்” என்றார். நான் “ஓம் ஐயா, ஓம் ஐயா” என்று சொல்லிக் கொப்பியில் எழுதினேன். அவர் சொன்னது மூன்று நாளில் வரும் வெள்ளியை. நான் எழுதியது அதற்கு அடுத்த கிழமை வெள்ளியை.

மூன்றாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு அவர்கள் வந்து இறங்கினார்கள். ஒரு அறைகூட இல்லை. அவருடைய தோளில் ஒரு குழந்தை நித்திரை. அவர் என்னைப் பேசவில்லை. “ஓம் எண்டு சொன்னீங்களே தம்பி” என்று மட்டும் கேட்டார். உப்புவெளியில் தெரிந்த ஒருவருடைய வீட்டில் அவர்களைத் தங்கவைத்துவிட்டு வரும்போது நடுச்சாமம் ஆகிவிட்டது.

அந்தக் கோல் முழுக்கத் தமிழில்தான் நடந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது பின்னேரங்களில் நான் கதைக்கப் பழக்கும் பிள்ளைகள் எல்லோரும் முதல் நாள் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: “எனக்கு இங்கிலிஷ் வராது, அதுதான் பிரச்சினை.” டவுனிலிருந்து வருபவர், கிண்ணியாவிலிருந்து வருபவர், மூதூரிலிருந்து பஸ் ஏறி வருபவர், யாரைக் கேட்டாலும் இதுதான் பதில். ஆங்கிலம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் வேலையிடத்தில் பெரிய சேதம் விளைவிக்கும் பிழையை நாங்கள் தாய்மொழியிலேயே விடுகிறோம். சரியாக விளங்காத ஒன்றுக்கு “ஓம்” சொல்வதுதான் அந்தப் பிழை.

அது எங்கே இருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் “விளங்கினதா?” என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து “விளங்கினது சேர்” என்று பாடும். வீட்டில் பெரியவர் ஒன்று சொன்னால் திருப்பிக் கேட்பது எதிர்த்துக் கதைப்பது போல. அந்தப் பழக்கத்தோடு கந்தோருக்கு வருகிறோம். முகாமையாளர் ஏதோ சொல்கிறார், பாதி விளங்குகிறது, மரியாதைக்காகத் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து பக்கத்து மேசைக்காரரிடம் “அவர் என்ன சொன்னவர்?” என்று கேட்கிறோம். பக்கத்து மேசைக்காரர் தனக்கு விளங்கியதைச் சொல்கிறார். வேலை அதன்படி நடக்கிறது.

இதற்கு “எனக்கு விளங்கவில்லை, திருப்பிச் சொல்லுங்கோ” என்று கேட்பதுதான் மருந்து என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. எங்களுடைய ஆட்களுக்கு அந்த வசனம் வாயில் வராது, வந்தாலும் கேட்பவருக்கு முகம் மாறும். அதைவிட எளிய வழி, விளங்கியதைத் திருப்பிச் சொல்வது. “அப்ப 14ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, ரெண்டு அறை, ஆறு பேர், ஒரு இரவு. சரிதானே ஐயா?” இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பிழை இருந்தால் அவரே திருத்துவார். கிழமையையும் திகதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். “வாற வெள்ளி”, “அடுத்த வெள்ளி”, “நாளையிண்டைக்கு” எல்லாம் வீட்டுக்கு நல்லவை. பதிவுக் கொப்பிக்குள் அவற்றை விடக் கூடாது.

இந்த விஷயத்தில் எங்கள் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பார்த்து நாம் படிக்கலாம். சீனன்குடாப் பக்கம் கோதுமை கொண்டு வரும் கப்பலில் தலைமை மாலுமி ஒரு நாட்டவராக இருப்பார், கடலோடிகள் இன்னொரு நாட்டவர், கரையில் நிற்பவர் எங்கள் ஆள். எல்லோருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழி. இப்படிப்பட்டவர்கள் வானொலியில் கதைத்து விபத்தில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே சர்வதேச கடல்சார் அமைப்பு 2001இல் கடல் தொடர்பாடலுக்கான நிலையான சொற்றொடர்களை ஏற்றுக்கொண்டது. அதில் உள்ள சில விதிகளைத் தமிழில் விளக்கினால் என் வகுப்புப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒன்று, கேள்விக்குப் பதில் “ஆம்” என்றால் வெறும் ஆமோடு நிறுத்தக் கூடாது. “ஆம்” சொல்லி, அதன் பின்னால் முழு வசனத்தையும் சொல்ல வேண்டும். “நங்கூரம் போட்டாச்சா?” என்றால் “ஆம், நங்கூரம் போட்டாச்சு.” நான் மேலே சொன்னதும் இதுவேதான்.

இன்னொன்று, எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். 150 என்றால் “ஒன்று, ஐந்து, பூச்சியம்.” ஆங்கிலத்தில் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒரே மாதிரிக் கேட்கும். தேர்ட்டீன், தேர்ட்டியும் அப்படித்தான். சாப்பாட்டுப் பார்சல் கணக்கோ பெட்டிக் கணக்கோ விலையோ, ஆங்கிலத்தில் எண் சொன்னால் “ஒன் ஃபைவ்” என்று பிரித்து ஒரு முறை உறுதிப்படுத்துங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கப்பல் தலைவர்களே செய்கிறார்கள்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. செய்யலாம், செய்யக்கூடும், செய்ய முடியும் என்ற கருத்துள்ள ஆங்கிலச் சொற்களை அந்த விதிகள் தவிர்க்கச் சொல்கின்றன, அவை இரண்டு பொருள் தருவதால். எங்கள் ஊரில் இதற்கு நேரான சொல் “பார்ப்பம்.” அதன் கூடப்பிறந்தவர்கள் “செய்யலாம்”, “பார்த்துச் செய்வம்.” ஒருவர் “திங்கட்கிழமைக்குள்ள பில் தருவீங்களா?” என்று கேட்கிறார், நாம் “பார்ப்பம் அண்ணே” என்கிறோம். நம் மனதில் அது “அநேகமாக ஏலாது” என்பதன் மென்மையான வடிவம். ஊர்க்காரருக்கு அது விளங்கும். கொழும்பிலிருந்து வந்தவருக்கோ வெளிநாட்டுக்காரருக்கோ அது வாக்குறுதி. திங்கட்கிழமை பில் வராதபோது எங்களைப் பொய்யர் என்று நினைப்பார். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல நமக்குக் கஷ்டம்தான், எனக்கும் கஷ்டம். அதனால் இல்லையோடு ஒரு நாளைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறேன்: “திங்கள் ஏலாது அண்ணே, புதன் பின்னேரம் நாலு மணிக்குத் தருவேன்.” கேட்பவர் கையில் ஏதோ ஒன்று கிடைக்கிறது, நமக்கும் மனம் உறுத்துவதில்லை.

ஒரு சொல் எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு விமானத் துறையிலும் ஒரு கதை இருக்கிறது. 1977 மார்ச் 27ஆம் திகதி, ஸ்பெயினின் தெனெரீஃப் தீவின் விமான ஓடுபாதையில் மூடுபனி. ஒரு விமானம் புறப்படப் போவதாக அறிவித்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வந்த பதிலின் முதல் சொல் “ஓகே.” அதன் பின்னால் வந்த “புறப்படக் காத்திருங்கள், நான் அழைக்கிறேன்” என்ற பகுதி, வேறொரு வானொலிப் பேச்சோடு மோதி விமானிகளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஓடுபாதையில் இன்னொரு விமானம் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது, இரண்டும் மோதின. 583 பேர் இறந்தார்கள். விபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அதற்குப் பிறகு விமானத் துறை, கிடைத்த அனுமதியை முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதில் மிகவும் கண்டிப்பாகிவிட்டது. எங்கள் கவுண்டரில் யாரும் சாவதில்லை. இருந்தாலும் அந்தத் தோளில் தூங்கிய குழந்தையை நான் மறக்கவில்லை.

சரி, கதைக்கும் பக்கத்துக்கு வருவோம்.

திருகோணமலையில் வேலை செய்பவருக்கு ஒரே நாளில் மூன்று மொழி வேண்டும். தமிழும் அரச கரும மொழி என்று 1987இன் 13ஆம் திருத்தம் சொல்கிறது, கச்சேரியிலோ பிரதேச செயலகத்திலோ தமிழில் அலுவல் பார்ப்பது நம் உரிமை. ஆனால் வாடிக்கையாளரிடம் அந்த வாதம் எடுபடாது, அவர் மொழியில் இரண்டு வசனமாவது வேண்டும். இதில் நான் அடிக்கடி காணும் பிழை, மார்க்கெட்டிலும் விளையாட்டுத் திடலிலும் பழகிய சிங்களத்தை அப்படியே கவுண்டருக்குக் கொண்டு வருவது. சிநேகிதர்களிடம் “ஒயா” (நம் “நீ” போல) சொல்லிப் பழகிய பொடியன், ஐம்பது வயது வாடிக்கையாளரையும் “ஒயா” என்கிறான். அவருக்கு அது இடிக்கும். அதைவிட மரியாதை குறைந்த “உம்ப” என்பதை மேசைப் பக்கமே கொண்டு வரக் கூடாது. “சேர்”, “மெடம்”, “மஹத்தயா” என்று அழைத்து, முன்னிலைச் சொல்லையே தவிர்த்துக் கதைக்கப் பழகுங்கள். சிங்களம் கொஞ்சம்தான் தெரியும் என்றாலும் குறையாகத் தெரியாது.

தமிழிலும் இதே கவனம் வேண்டும். “நீர்” என்பது சில வீடுகளில் அன்பு, வேறு சிலருக்கு அதட்டல். வேலையிடத்தில் தேத்தண்ணீர் கொண்டு வருபவர் தொடக்கம் பணிப்பாளர் வரை எல்லோருக்கும் “நீங்கள்”தான். ஐயா, அக்கா, அண்ணே, நானா என்று உறவு சொல்லி அழைப்பது நம் ஊரின் அழகு, அதை விட வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: நம்மைவிட வயதில் கொஞ்சம் மூத்த ஒரு பெண் அதிகாரியை “அன்ரி” என்று கூப்பிடாதீர்கள். “மெடம்” போதும்.

தலையாட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் தலையைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டினால் “சரி” என்று கருத்து. நிலாவெளிக்கு வரும் ஐரோப்பியப் பயணிக்கு அது “இல்லை” போலத் தெரியும். வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

நேர்முகப் பரீட்சைக்கு வருகிறேன். ஒரு மருந்துக்கடையில் பகுதி நேரம் வேலை செய்த ஒரு பிள்ளை, வங்கி வேலைக்கு ஆயத்தம் செய்ய வந்தாள். நான் மேசைக்கு மறுபக்கம் இருந்து, “கோபத்தோடு வந்த ஒரு வாடிக்கையாளரை எப்படிச் சமாளித்தீர்கள்?” என்று கேட்டேன். அவள் தன் பெயர், பள்ளிக்கூடம், உயர்தரப் பெறுபேறு, பொழுதுபோக்கு என்று ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் ஒப்புவித்தாள். பாடமாக்கியது பிசகவில்லை. கேள்விதான் அவளுக்குக் கேட்கவே இல்லை, ஏனென்றால் நான் வாய் திறக்கும் முன்பே அவள் மனதுக்குள் கதைக்கத் தொடங்கிவிட்டாள்.

இது அவளுடைய குறை மட்டும் அல்ல. பத்து மொழிகளின் உரையாடல்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒருவர் கேட்டு முடித்து மற்றவர் பதில் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் என்று கண்டது. அவ்வளவு வேகமாகப் பதில் வர வேண்டுமென்றால், மற்றவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே பதிலைக் கட்டத் தொடங்க வேண்டும். சாதாரணக் கதைக்கு அது போதும். நேர்முகப் பரீட்சையிலும் கூட்டத்திலும் அந்தப் பழக்கம் கேள்வியின் கடைசிப் பாதியைத் தின்றுவிடும். அங்கேதான் முக்கியமானது இருக்கும். கேள்வி முடிந்ததும் ஒரு முழு மூச்சு எடுங்கள். நமக்கு அது ஒரு யுகம் போல இருக்கும், எதிரே இருப்பவருக்கு யோசிக்கிற ஆள் தெரிவார்.

அடுத்த கிழமை அதே கேள்வியை அவளிடம் திரும்பக் கேட்டேன். மூச்செடுத்தாள். “கோபமாக வந்த ஒருவரைப் பற்றித்தானே சேர் கேட்கிறீங்கள்?” என்றாள். பிறகு, மருந்து மாறிவிட்டது என்று கத்திக்கொண்டு வந்த ஒரு முதியவருக்குக் கதிரை கொடுத்து, மருந்துத் துண்டை வாங்கி, ஒவ்வொரு மருந்தின் பெயரையும் அவரோடு சேர்ந்து வாசித்த கதையைச் சொன்னாள். ஆங்கிலத்தில் இலக்கணம் இரண்டு இடத்தில் தடுக்கியது. நான் திருத்தவில்லை.

சூம் கூட்டம், வாட்ஸ்அப் குரல் செய்தி பற்றியெல்லாம் கேட்கிறார்கள். ஒன்றே ஒன்று: மூன்று நிமிடக் குரல் செய்தி அனுப்பினால், அதில் சொன்ன திகதியையும் தொகையையும் கீழே எழுத்திலும் போட்டுவிடுங்கள்.

கேட்கப் பழகுவதற்கு நான் கொடுக்கும் பயிற்சி கடலோர ஆட்களுக்குப் புதிதல்ல. வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் முன்னறிவிப்பு மூன்று மொழியிலும் வருகிறது. தொழிலுக்குப் போகிறவர் அதை எப்படிக் கேட்பார் என்று கவனித்துப் பாருங்கள். கையில் வலை இருக்கும், கை ஓடாது. காற்று எந்தப் பக்கம், மணித்தியாலத்துக்கு எத்தனை கிலோமீற்றர், திருகோணமலையிலிருந்து எந்தப் பக்கக் கடல், இவை மூன்றும் காதில் விழும்வரை யாரோடும் கதைக்க மாட்டார். கேட்டு முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் அதையே திருப்பிச் சொல்வார்.

அதேபோல முதலில் சிங்களத்தில் கேளுங்கள், ஒரு தாளில் எண்களையும் திசைகளையும் மட்டும் எழுதுங்கள். பிறகு ஆங்கிலத்தில். கடைசியாகத் தமிழிலும் கேட்டு எழுதி, மூன்றையும் ஒப்பிட்டு, பிழைத்த இடத்தைச் சிவப்பால் சுழியுங்கள். அந்த மருந்துக்கடைப் பிள்ளையின் தாளில் முதல் நாள் ஏழு சுழிகள் இருந்தன. அதில் இரண்டு, தமிழில் கேட்டதையே அவள் பிழையாக எழுதியவை.