உரிமத்தின் பிரிவு 15-ஐச் சரிசெய்ததும் பிடிஎஃப் ஏறியது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளுக்கு நான் எழுதிய சாகசப் பிடிஎஃப். விற்பனைத் தளம் "உரிமம் முழுமையில்லை" என்று மட்டும் சொல்லித் திருப்பிக்கொண்டே இருந்தது.

அட்டையிலிருந்த விளையாட்டின் பெயரை எடுத்தேன், ஓஜிஎல் 1.0ஏ-யின் (விளையாட்டு உள்ளடக்கத்தைப் பிறர் எடுத்தாள விடும் திறந்த உரிமம்) 7-ஆம் பிரிவுப்படி எப்படியும் எடுக்க வேண்டியதுதான். ஓவியர்களின் அனுமதிக் கடிதங்களை இணைத்தேன். பயனில்லை. எஸ்ஆர்டி 5.1 (அந்த விளையாட்டின் அடிப்படை விதித் தொகுப்பு) 2023 ஜனவரியிலேயே சிசி-பிஒய் 4.0-இல் (மூலத்தைக் குறிப்பிட்டால் போதும் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்) வந்துவிட்டதே என்று, ஓஜிஎல்லைத் தூக்கிவிட்டு அதற்குரிய குறிப்பை வைத்தாலும் அதே பதில்.

காரணம் ஒரே ஒரு சதுப்பு நில அரக்கன். எஸ்ஆர்டியில் இல்லாதவன், வேறொரு பதிப்பகத்தின் அரக்கர் தொகுப்பிலிருந்து ஓஜிஎல் வழியாக வந்தவன். எஸ்ஆர்டிக்குக் கிடைத்த சிசி உரிமம் அவனுக்குச் செல்லாது. ஓஜிஎல் என்றாலோ, அந்தத் தொகுப்புக்கான பதிப்புரிமை வரிகள் எழுத்து மாறாமல், நம் நூலில் அச்சிடும் உரிமத்தின் 15-ஆம் பிரிவில் வர வேண்டும்; கூடவே நம் நூலின் பெயர், ஆண்டு, உரிமையாளர். பலர் கோட்டைவிடும் இடம்: சில தொகுப்புகளில் அந்த வரி கடைசிப் பக்கத்தோடு முடிவதில்லை, ஒவ்வொரு அரக்கனின் புள்ளிவிவரத்துக்குக் கீழும் பொடி எழுத்தில் தனித்தனியாக இருக்கும்.

ஓஜிஎல்லை முழுதாகத் திரும்ப வைத்து, விடுபட்ட வரிகளைச் சேர்த்து, 8-ஆம் பிரிவு கேட்கிறபடி எதெல்லாம் திறந்த (பிறரும் எடுத்தாளக்கூடிய) உள்ளடக்கம் என்றும் குறித்தேன். ஏறிவிட்டது, அப்பாடா. அரக்கனை வெட்டியிருந்தால் சிசியே போதும். ஆனால் மூன்றாம் அத்தியாயமே அவன்தான்.