பட்டறையோடு மாநிலம் மாறுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கடலூர்க்காரர்களுக்கு வேறு மாநிலம் என்பது காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற இடம். ஆல்பேட்டை சோதனைச்சாவடி, பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, அப்புறம் முள்ளோடை, அவ்வளவுதான், பாண்டி வந்துவிடும். இந்தப் பழக்கத்தாலோ என்னவோ, குடும்பத்தையே மாநிலம் விட்டு மாநிலம் மாற்றும்போதும் ஒரு லாரி பிடித்தால் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். இருபது கிலோமீட்டரோ முந்நூறு கிலோமீட்டரோ, எல்லை தாண்டினால் வண்டி எண், ஜிஎஸ்டி, கரண்ட் எல்லாமே வேறுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மஞ்சக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு, பீன்யா பக்கம் குடிபோனோம். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் இருந்த பட்டறையும் கூடவே வந்தது: அப்பா பழையதாக வாங்கிய நாலரை அடி லேத் (இரும்பைக் கடைகிற மெஷின்), பில்லர் டிரில், வெல்டிங் செட், பெஞ்ச் கிரைண்டர், இரண்டு வைஸ், பெட்டி பெட்டியாக ஸ்பேனரும் டிரில் பிட்டும். வீட்டுச் சாமான் மூன்றாம் நாளே ஒழுங்காகிவிட்டது, நாலாம் நாள் சமையல் வழக்கம்போல நடந்தது. பட்டறை ஓட இரண்டரை மாதம் ஆயிற்று. அந்த இரண்டரை மாதமும் சம்பாத்தியம் இல்லை. பட்டறையையும் வீட்டில் இன்னொரு அறை மாதிரி நினைத்து மூட்டை கட்டியதுதான் காரணம். மற்ற தவறுகள் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

முதலில் வீடு பார்க்கிற இடத்திலேயே தவறு தொடங்குகிறது. பள்ளிக்கூடம் பக்கமா, தண்ணீர் வருமா, வாடகை எவ்வளவு என்று கேட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பட்டறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறோம். பட்டறை வைத்திருப்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கேட் எத்தனை அடி அகலம், லேத்தின் அகலம் எவ்வளவு, லாரி வாசல்வரை வருமா அல்லது தெருமுனையில் நின்றுவிடுமா, தரை கான்கிரீட்டா டைல்ஸா, இதையெல்லாம் டேப் வைத்து அளந்துவிட்டு வாருங்கள். டைல்ஸ் தரையில் லேத் காலை இறக்கினால் அன்றைக்கே விரிசல் விழும். மாடி போர்ஷன் வாடகை குறைவு என்று ஆசைப்படவே கூடாது. மெஷினின் எடை தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கிற எடைமேடையில் வண்டியோடு ஏற்றிப் பாருங்கள். ‘அரை டன் இருக்கும்’ என்று வாயால் சொன்ன கணக்கை நம்பிச் செயின் பிளாக் (கனத்தைச் சங்கிலியில் தூக்குகிற கப்பி) கொண்டுவருபவர் பாவம், அவர் உயிரும் அதில்தான் இருக்கிறது.

அடுத்தது கரண்ட். வாடகை வீட்டில் பெரும்பாலும் சிங்கிள் பேஸ்தான் இருக்கும். மெஷின் மோட்டாருக்கு த்ரீ பேஸ் வேண்டுமென்றால் வீட்டுக்காரர் சம்மதம் எழுதித் தர வேண்டும், லோடு கூட்ட வேண்டும், டெபாசிட் கட்ட வேண்டும், லைன்மேன் வர வேண்டும். இதற்கே வாரங்கள் ஓடிவிடும், அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே வீட்டுக்காரரிடம் பேசி ஒப்பந்தத்திலும் எழுதிவிடுங்கள். வீட்டு இணைப்பிலேயே ஓட்டிவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். வீட்டுக்கு வாங்கிய கரண்ட்டைத் தொழிலுக்கு ஓட்டினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் வருகிறது, தொழிலுக்கான கட்டணத்தை இரண்டு மடங்காகப் போட்டுக் கணக்கெடுப்பார்கள். இது எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான்.

நாள் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் யாரும் குடிபோக மாட்டார்கள், தை பிறந்ததும் எல்லோரும் சேர்ந்து கிளம்புவார்கள், லாரி வாடகை ஏறும், நல்ல லோடுமேன்கள் கிடைக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது பெண்ணையாறு கடலூருக்குள் வந்ததை நாம் பார்த்தோம். அதே மழை ஊத்தங்கரையில் நின்றிருந்த வண்டிகளையே அடித்துக்கொண்டு போனது. திண்டிவனத்திலிருந்து கிருஷ்ணகிரி போகிற சாலை அந்த ஊத்தங்கரை வழியாகத்தான் போகிறது, பெங்களூருக்கு நம் லாரி போகிற வழியும் அதுதான். பால் காய்ச்ச நல்ல நாள் பாருங்கள், தப்பே இல்லை, நாங்களும் பார்த்தோம். பாலும் குத்துவிளக்கும் அன்றைக்குக் காரில் போகட்டும், இரும்பு மாசி பங்குனியில் போகட்டும்.

சரி, சாமான் கட்டுகிற வேலைக்கு வருவோம். எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம் இதில்தான் இருக்கிறது.

கடலூரில் காற்றே உப்பு. எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருப்பதால்தான் மெஷின் உயிரோடு இருக்கிறது என்று அப்பா சொல்வார். பேக்கர்ஸ் ஆட்கள் வந்து, சோஃபாவைச் சுற்றுகிற அதே பிளாஸ்டிக் ரோலை எடுத்து லேத்தையும் பளபளவென்று சுற்றிவிட்டார்கள். பார்க்கப் பத்திரமாகத்தான் இருந்தது, நானும் சரியென்று விட்டுவிட்டேன். உள்ளே மாட்டிக்கொண்டது கடலூர்க் காற்று, அதிலிருந்த ஈரத்துக்குப் போக வழியில்லை. ராத்திரி கிருஷ்ணகிரி தாண்டினதும் குளிர், அந்த ஈரம் அப்படியே இரும்பின் மேல் வேர்த்திருக்கிறது. நாலாம் நாள் பிளாஸ்டிக்கைக் கிழித்தபோது பெட் (லேத்தின் நீளமான அடிப்பாகம்) முழுவதும் பழுப்பு படர்ந்திருந்தது. அதன் வலது முனையில் இருக்கிற டெயில்ஸ்டாக் பக்கம் ஒரு முழு உள்ளங்கை, ஐந்து விரலோடு, ரேகை தெரிகிற அளவுக்குத் துருவாகப் பதிந்திருந்தது. ஏற்றும்போது யாரோ வேர்வைக் கையோடு ஊன்றியிருக்கிறார்கள். அந்தக் கையை எண்ணெய்க் கல் வைத்துத் தேய்த்து எடுக்க இரண்டு நாள் ஆயிற்று, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பளபளப்பாகக் கடைந்த எல்லாப் பரப்பையும் முதலில் வேஸ்ட் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். கிரீஸைத் தடிப்பாகப் பூசுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். அதன் மேல் எண்ணெய்க் காகிதம், அதன் மேல் பழைய பெட்ஷீட் அல்லது சாக்கு, அடிப்பக்கம் காற்றுப் போக விட்டு மேலே மட்டும் தார்ப்பாய். பெட்டின் மேல் மரப்பலகை போட்டுக் கட்டினால் யாரும் கை வைக்க மாட்டார்கள், வேறு சாமானையும் தூக்கி வைக்க மாட்டார்கள்.

லேத்தைத் தூக்குவது தனி வேலை. கடைகிற இரும்பைப் பிடித்துச் சுற்றுகிற சக்கைக் (chuck) கழற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள், கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்துவிடுங்கள். சக் மாட்டுகிற ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம் அதிகம், எனவே வெட்டுகருவியோடு நகர்கிற கேரியேஜை டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிப் பூட்டினால்தான் தூக்கும்போது ஓரளவு சமமாக நிற்கும். தூக்குகிற பெல்ட்டைப் போடும்போது லீட்ஸ்குரூ என்கிற நீளத் திருகுத்தண்டில் படாமல் மரக்கட்டை கொடுத்துப் போட வேண்டும், அது வளைந்துவிட்டால் அப்புறம் அந்த லேத்தில் மரை வெட்டவே முடியாது. கால்களை இரண்டு கனமான மரச்சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்கி, சட்டத்தோடு ஏற்றுங்கள். வெறுங்காலில் நிறுத்திக் கயிறு கட்டினால் முதல் வேகத்தடையிலேயே சாயும். இதை வீட்டுச்சாமான் தூக்குகிறவர்களிடம் விடவே விடாதீர்கள். சிப்காட்டில் மெஷின் இறக்குகிற ஆட்களைக் கூப்பிடுங்கள், கூலி கூடத்தான், ஆனாலும் அவர்களுக்கு எங்கே கட்டை வைக்க வேண்டும் என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

சில்லறைக் கருவிகளைப் பெரிய அட்டைப்பெட்டியில் போடுகிறவர்கள் நிறையப் பேர். அடி பிய்த்துக்கொண்டு கொட்டும், டிரில் பிட்டெல்லாம் லாரித் தளத்து இடுக்கில் போய்விடும். சின்னப் பெட்டி, ஒரு ஆள் ஒரு கையில் தூக்குகிற எடை, அதற்கு மேல் வேண்டாம். பெட்டி மேல் தமிழில் மட்டும் எழுதாதீர்கள், அங்கே இறக்குகிறவருக்குப் படிக்கத் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதி, பட்டறைப் பெட்டிக்கெல்லாம் சிவப்பு டேப் ஒட்டினோம், சிவப்பெல்லாம் ஷெட்டுக்கு என்று ஒருமுறை கை காட்டினால் போதுமாக இருந்தது.

லாரியில் ஏற்றவே கூடாதவை சில உண்டு. ஆக்சிஜன், அசிட்டிலின் சிலிண்டர்களை டீலரிடம் திருப்பிக் கொடுத்து டெபாசிட்டை வாங்குங்கள், ரெகுலேட்டரும் டார்ச்சும் உங்களுடையதென்றால் அவை மட்டும் வரட்டும். தின்னர், பெயிண்ட், பெட்ரோல் எதுவும் வேண்டாம், மெத்தையும் துணியும் ஏற்றிய வண்டி அது. சமையல் கேஸும் அப்படித்தான், சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டிரான்ஸ்பர் வவுச்சர் வாங்கினால் போகிற ஊரில் இணைப்பு கிடைக்கும். இன்வெர்ட்டர் பேட்டரி நிமிர்ந்தே போக வேண்டும். மரவேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, செய்து முடித்த மேஜை நாற்காலி வேறு, அறுத்து வைத்த தேக்குப் பலகை வேறு. பலகைக்கு வனத்துறையின் டிரான்சிட் பாஸ் கேட்பார்கள், ரசீதையும் எடுத்து வையுங்கள். பாண்டியிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் குடிவருகிறவர்கள் சாமானுக்கு நடுவில் ஒரு மதுபாட்டில்கூட வைக்கக் கூடாது. சோதனைச்சாவடியில் ஒரு பெட்டியில் அகப்பட்டால் முழு லாரியும் நிற்கும்.

லாரி பேசுவதில் நாங்கள் ஏமாந்தோம். போட்டோவைப் பார்த்தே குறைந்த விலை சொன்ன ஒரு கம்பெனியை நம்பினோம். ஓசூரில் வண்டி நின்றது, எடை அதிகம், இன்னும் பன்னிரண்டாயிரம் போட்டால்தான் நகரும் என்று போன் வந்தது. சாமான் அவர்கள் கையில் இருக்கும்போது என்ன பேச முடியும், கொடுத்தோம். நேரில் வந்து மெஷினைப் பார்க்காதவர் சொல்லும் விலையை வாங்கவே வேண்டாம். மெஷின்களின் பெயரும் எடையும் எழுதிய பட்டியல், இறக்குகூலி சேர்த்த மொத்தத் தொகை, வழியில் வேறு வண்டிக்கு மாற்றமாட்டோம் என்ற வரி, மூன்றும் எழுத்தில் வேண்டும். இன்சூரன்ஸ் என்று சொன்னால் பாலிசித் தாளைக் கேளுங்கள், வீட்டுச்சாமான் என்று மட்டும் இருந்தால் லேத் அதில் இல்லை என்றே வையுங்கள்.

காகிதங்களில் பெரிய குழப்பம் ஜிஎஸ்டிதான். பயன்படுத்திய வீட்டுச்சாமானுக்கு ஈ-வே பில் (சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டு) தேவையில்லை என்று விதியிலேயே இருக்கிறது. அதை நம்பித் தொழில் மெஷினையும் புது இரும்புச் சரக்கையும் கலந்து ஏற்றிவிடுகிறார்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் பட்டறைச் சாமானின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் டெலிவரி சலானும் ஈ-வே பில்லும் தனியாகப் போட்டு, பட்டறையைத் தனி வண்டியில் அனுப்புவது நல்லது. பதிவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34, கர்நாடகத்துக்கு 29 என்று எண்ணே வேறாகத் தொடங்கும். பழையதை மூடுவதற்கு முன்னால் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதில் முகவரியைத் திருத்தினால் போதும்.

டூவீலர், காருக்கு ஆர்டிஓ-வில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்காமல் கிளம்பிவிடாதீர்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி இருந்தால் புது எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். டிஎன் 31 வண்டியை வைத்துக்கொண்டு, என்ஓசிக்காக அங்கிருந்து கடலூருக்கு இரண்டு முறை அலைந்தவன் நான். ஓட்டுநர் உரிமம் நாடு முழுவதும் செல்லும், அதற்கு அவசரமில்லை. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. பிள்ளைகளின் டிசியில் கல்வி அதிகாரி மேலொப்பம் வேண்டுமா என்று சேரப்போகிற பள்ளியில் முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, கரண்ட் இணைப்பு கிடைத்த அன்று. தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள். புது இடத்தில் த்ரீ பேஸ் வயர்கள் எந்த வரிசையில் வந்திருக்கும் என்று தெரியாது, மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றலாம். எங்கள் லேத் மாதிரி சக்கை மரையில் திருகி மாட்டுகிற பழைய லேத்தாக இருந்தால், எதிர்ப்பக்கம் சுற்றியதும் சக் தானாகக் கழன்று வெளியே வரும். இருபது கிலோ இரும்பு, சுழன்றுகொண்டே. சக்கை மாட்டாமல் ஒரு நொடி போட்டு அணைத்துப் பாருங்கள் என்று எலெக்ட்ரீஷியன் சொன்னார், அப்படியே செய்தோம், சக் மாட்டுகிற ஸ்பிண்டில் எதிர்ப்பக்கம்தான் சுற்றியது. இரண்டு வயரை மாற்றிப் போட்டார், சரியாகிவிட்டது.

லெவலையும் ஒரே தடவை பார்த்துவிட்டு விடாதீர்கள். இறக்கிய அன்று ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்து, தாழ்ந்த காலுக்கு அடியில் தகடு கொடுங்கள், ஒரு மாதம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள், புதுக் கான்கிரீட் என்றால் தரை கொஞ்சம் அமர்ந்திருக்கும். ஒரு ராடைக் கடைந்து இரண்டு முனையையும் மைக்ரோமீட்டரில் அளந்தால் பெட் முறுகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். எங்களுக்கு முன்கால் ஒன்றின் அடியில் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று தேவைப்பட்டது. அப்பா மஞ்சக்குப்பத்தில் அதே காலுக்கு வைத்திருந்த தகட்டை நான் கழற்றும்போது பொட்டலம் கட்டி எடுத்து வைத்திருந்தேன், அதுவே அளவாக உட்கார்ந்தது.