கடலோர வீட்டுக் கட்டடக் காப்பீடு: வங்கி போட்ட பிரீமியத்தைக் குறைக்கும் வழி

ராமநாதபுரம் கடலோரத்தில் வீட்டுக்கடன் வாங்கியவர் கட்டடக் காப்பீட்டுக்கு அதிகம் கட்டுகிறார் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிரீமிய விகிதத்தை அல்ல, காப்பீட்டுத் தொகையை, அதாவது சேதமானால் கிடைக்கக்கூடிய உச்ச வரம்பை. வீட்டின் சந்தை விலையையோ கடன் தொகையையோ அப்படியே எழுதிவிடுகிறார்கள். அதில் மனை விலையும் சேர்ந்துவிடுகிறது. ராமேஸ்வரத்தில் கோயிலை ஒட்டிய மனை என்றால் கட்டடத்தைவிட மனைதான் விலை அதிகம். மனைக்கு எந்த வீட்டுப் பாலிசியும் பணம் தராது. 1964-ல் தனுஷ்கோடியில் கடல் ஊரையே கொண்டுபோகவில்லையா என்று கேட்கலாம். கடலரிப்பு பாலிசியின் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. நிலத்தின் பெயரில் கட்டும் பிரீமியம் அந்த வகையிலும் வீண்தான்.

வங்கிக் கிளையில் மூன்று காகிதங்களை எழுத்தில் கேளுங்கள்: பாலிசியின் ஷெட்யூல் (தொகை, காலம், பிரீமியம் எழுதிய விவரப் பக்கம்), கடன் அனுமதிக் கடிதம், முக்கிய விவர அறிக்கை (Key Facts Statement). கடைசியாகச் சொன்னதை 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகத் தரும் வீட்டுக்கடன் போன்ற சில்லறைக் கடன்களுக்கு வங்கி தந்தாக வேண்டும். காப்பீட்டுக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பது அதில் தெரியும். ஒரு பக்கச் சான்றிதழை நீட்டினால் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். காப்பீட்டுத் தொகையும் காலமும் அதில் முழுதாக இல்லாமல் போகலாம். கடன் வளைகுடாவில் இருக்கும் பிள்ளையின் பெயரில் இருந்தால், கீழக்கரையில் இருக்கும் பெற்றோர் நேரில் போய்ப் பயனில்லை. வங்கியில் பதிவான மின்னஞ்சலிலிருந்து அவரே கேட்க வேண்டும்.

காகிதம் கிடைத்ததும், பிடித்த தொகையில் ஆயுள் காப்பீடு கலந்திருக்கிறதா என்று பாருங்கள். கடன் பாதுகாப்பு என்ற பெயரில் வரும் பெரிய தொகை பெரும்பாலும் அதுதான். அது வேறு பாலிசி. வேண்டாம் என்றால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

அடுத்து கணக்கு. ஜிஎஸ்டி 18 சதவீதத்தைக் கழித்த பிரீமியத்தைப் பாலிசி ஆண்டுகளால் வகுத்து, காப்பீட்டுத் தொகையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்குங்கள். ஆயிரம் ரூபாய்க்கு ஆண்டுக்கு எவ்வளவு என்று வரும். உதாரணமாக 60 லட்சத்துக்கு ஓராண்டுக்கு 3,000 ரூபாய் என்றால் ஆயிரத்துக்கு 50 காசு. இப்போது சரியான தொகையைப் போடுங்கள்: கார்ப்பெட் ஏரியா (வெளிச்சுவருக்கு உள்ளே புழங்கும் பரப்பு) 1,000 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,200 என்றால் 22 லட்சம். அதே விகிதத்தில் 1,100 ரூபாய்தான் வரும். விகிதத்துக்காகப் பேரம் பேசுவதற்கு முன்பே பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

சதுர அடிச் செலவைப் பதிவு பெற்ற பொறியாளரிடம் கடிதமாக வாங்குங்கள். கொத்தனார் வாய்க்கணக்கு செல்லாது. பரப்பளவில் வெளிச்சுவரும் மொட்டை மாடியும் சேராது. சுற்றுச்சுவர், மேல்நிலைத் தொட்டி, செப்டிக் டேங்க், சோலார் பலகை ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். வாடைக்காற்றில் முதலில் சாய்வது சுற்றுச்சுவர்தான், அதை விட்டுவிடாதீர்கள். பரப்பளவைக் குறைத்து எழுதிப் பிரீமியத்தை மிச்சம் பிடிக்கவும் பார்க்காதீர்கள். தொகையைக் குறைவாகப் போட்டதற்காக இழப்பீட்டைக் குறைக்க மாட்டோம் என்று கீழே சொல்லும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி தரும் சலுகை, விவரம் சரியாக இருந்தால்தான்.

கோயில் நிலத்திலோ வக்ஃபு நிலத்திலோ அடிமனை வாடகை கட்டிக் குடியிருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். கட்டடம் உங்களுடையது என்று காட்ட வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் வாடகை ரசீதும் கையில் இருக்கட்டும்.

பிறகு இரண்டு மூன்று பொதுக் காப்பீட்டு (ஆயுள் காப்பீடு அல்லாத) நிறுவனங்களில் ‘பாரத் கிருஹ ரக்ஷா’வுக்கு விலை கேளுங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் வந்த, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வீட்டுப் பாலிசி இது. அடிப்படை வாசகம் எங்கும் ஒன்றே என்பதால் விலையை நேராக ஒப்பிடலாம். புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் அடங்கும். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்வது அடங்காது. வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, தானாகவே சேரும். அதற்கென்று தனிக் கட்டணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். வெள்ளத்தை விட்டுவிட்டு மலிவாக ஏதாவது தருகிறோம் என்றால் தொடாதீர்கள். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது.

வங்கிக்கு எழுதும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: “காப்பீட்டுத் தொகையில் நில மதிப்பு சேர்ந்துள்ளது. பொறியாளர் கடிதம் இணைத்துள்ளேன். தொகையைத் திருத்துங்கள், இல்லையெனில் வங்கியின் அடமான உரிமையைக் குறிப்பிட்டு நானே எடுக்கும் பாலிசியை ஏற்று, பழையதை ரத்து செய்ய ஒப்புதல் தாருங்கள்.” நகலில் முத்திரை வாங்குங்கள்.

கடன் பாக்கி அளவுக்காவது போட வேண்டும் என்பார்கள். 35 லட்சம் பாக்கி இருந்தாலும், 22 லட்சம் கட்டடம் முழுதாக இடிந்தால் கட்டடத்துக்கு வருவது அதைத் திரும்பக் கட்டும் செலவுதான் என்று பதில் சொல்லுங்கள். விலைவாசி ஏறுமே என்றால், நீண்டகாலப் பாலிசியில் ஆண்டுக்கு 10 சதவீதம் தானாக உயர்கிறது. எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்றால், அப்படி வற்புறுத்த அவர்களுக்கு உரிமையில்லை. அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள்.

புதியது தொடங்கிய பிறகே பழையதை ரத்து செய்யுங்கள். ஓராண்டுப் பாலிசியில் இழப்பீடு கோராமல் இருந்தால் மீதி நாள்களுக்கு விகிதப்படி பணம் திரும்பும். பல ஆண்டுப் பாலிசியில் இன்னும் தொடங்காத ஆண்டுகளின் பிரீமியம் கிடைக்கும். பிரீமியத்தைக் கடனோடு சேர்த்திருந்தால், திரும்பிய பணம் அசலில் கழிந்ததா என்று கணக்கு அறிக்கையில் பாருங்கள்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். உதவி எண் 14448. காப்பீட்டு நிறுவனத்தின் மீது என்றால் முதலில் அதன் குறைதீர் அதிகாரி, பிறகு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார்த் தளமான ‘பீமா பரோசா’, எண் 155255. ஒரு மாதம் பதில் இல்லையென்றாலும் பதில் திருப்தி தராவிட்டாலும், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பிரீமியத் தகராறையும் அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

யாத்ரீகர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிற வீடு என்றால் அதை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். குடியிருப்புப் பாலிசி விடுதிக்குச் செல்லாது. புயல் எச்சரிக்கை ஏறிவிட்டால் புதுப் பாலிசி போட நிறுவனங்கள் தயங்கும். அதனால் மாற்றும் வேலையை செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.